ஆப்பிளும் இல்லை, சிலுவையும் இல்லை

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் குரோமார்ட்டி என்றொரு சிறு துறைமுக ஊர் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே உள்ள மேட்டுநிலத்துக்கு நாவிட்டி என்று பெயர். உலக முடிவில் இறுதித் தீர்ப்பு நடக்கப்போவது அந்த மேட்டில்தான் என்று சுற்றுவட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். 1802இல் குரோமார்ட்டியில் பிறந்து, கல்தச்சராக உழைத்து, பின்னாளில் நிலவியல் அறிஞராகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்ற ஹியூ மில்லர் இந்த நம்பிக்கையையும் அதையொட்டிய ஒரு கதையையும் பதிவு செய்திருக்கிறார். சாண்டி வுட் என்பவருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் எல்லைத் தகராறு. நியாயம் கிடைக்காத மனக்குறையோடு சாகக்கிடந்த சாண்டி, தன்னைக் கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே புதைக்கச் சொன்னாராம். கடைசி எக்காளம் ஊதும்போது எதிராளி சுவரைத் தாண்டி வருவதற்குள் தான் நாவிட்டிக்கு முந்திப் போய் வழக்கைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

தீர்ப்பு நாளுக்கு ஏன் அந்த மேடு? விவிலியத்தில் நாவிட்டி கிடையாது. ஊராரிடம் கேட்டால் பெயருக்குப் பொருளும் தெரியாது. விடை 1926இல் வந்தது. எடின்பரோவில் கெல்டிக் மொழிப் பேராசிரியராக இருந்த டபிள்யூ. ஜே. வாட்சன், ஸ்காட்லாந்தின் கெல்டிக் ஊர்ப்பெயர்களைப் பற்றி அந்த ஆண்டு வெளியிட்ட பெரிய நூலில், நாவிட்டியின் வேரைத் தோண்டிக் காட்டினார். பழைய கெல்டிக் மக்கள் வழிபாட்டுக்குரிய தோப்பை, தெய்வத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை, ‘நெமெட்டான்’ என்றார்கள். அந்தச் சொல் கேலிக் மொழி வழியாக உருமாறி நாவிட்டியில் நிற்கிறது. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அந்த மேடு சாமி நிலம். தோப்பு போயிற்று, சாமி போயிற்று, மொழி போயிற்று, சொல்லின் பொருளும் போயிற்று. அது சாதாரண இடமில்லை என்ற உணர்வு மட்டும், புதிய மதத்தின் மிகப் பெரிய நாளைக் கொண்டுவந்து அங்கே வைக்கும் அளவுக்கு, விடாமல் நின்றிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் பொருள் மறந்த ஊர்ப்பெயர்கள் இங்கே ஒரு சமயக் கேள்வியை எழுப்புகின்றன. சொல்பவருக்கே பொருள் தெரியாத சொல்லில் பக்தி தங்குமா? பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறார். விளங்காத பாஷையில் பேசும் பேச்சு எவ்வளவு நீளமானாலும், விளங்கிச் சொல்லும் நாலைந்து சொற்களுக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. சீர்திருத்தக்காரர்கள் லத்தீன் வழிபாட்டை எதிர்த்து நின்றதும் இந்த அடித்தளத்தின் மேல்தான். 1560 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை ஒழித்தது, திருப்பலிக்குத் தடை விதித்தது. புனிதர்களின் சிலைகள் உடைபட்டன, திருநாள்கள் நின்றன, யாத்திரைகள் குற்றமாயின. ஆனால் ஊர்ப்பெயர்களில் யாரும் கை வைக்கவில்லை. புனிதர்களை நோக்கிச் செபிப்பது பாவம் என்று பிரசங்கித்த போதகர், தன் சபையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு புனிதரை அழைத்தபடியே இருந்தார்.

‘கில்’ என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்தால் இது விளங்கும். துறவியின் சிறு அறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த கேலிக் சொல் அது, பின்னர் கோயிலையும் குறித்தது. 1947இல் ஸ்காட்லாந்தின் முதல் திட்டமிட்ட புதுநகரமாக அறிவிக்கப்பட்ட ஈஸ்ட் கில்பிரைட், அயர்லாந்தின் புனித பிரிஜித்தின் பெயரைத் தாங்கியது. பிரிஜித் என்ற பெயரில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய அயர்லாந்தில் ஒரு பெண் தெய்வமும் உண்டு. ஜானி வாக்கர் விஸ்கி பிறந்த கில்மார்னாக் இன்னும் நெஞ்சைத் தொடுவது. அந்தப் புனிதரின் பெயர் எர்னான். முன்னால் ‘என்’ என்று உரிமை கொண்டாடும் ‘மோ’, பின்னால் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் ‘ஓக்’. மோ-எர்னோக் என்பது தேய்ந்து மார்னாக் ஆனது. கிளாஸ்கோவின் காவல் புனிதர் கென்டிகெர்னை ஊரார் முங்கோ என்பதும் இப்படிப்பட்ட செல்லப்பெயர்தான். அந்தக் காலத்து மக்கள் தங்கள் புனிதர்களிடம் பயத்தைவிட உறவையே அதிகம் பாராட்டினார்கள் என்று எந்த வரலாற்று நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

பெயருக்குப் பொருளே தேவையில்லை என்று வாதிட்ட தத்துவவாதியும் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில், இடுகுறிப் பெயர் ஒன்றைச் சுட்டுமே தவிர அதைப் பற்றி எதையும் சொல்லாது என்றார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் டார்ட்மவுத் என்று பெயர் வந்திருக்கலாம். நாளைக்கே ஆறு திசைமாறிப் போனாலும் ஊர் டார்ட்மவுத்தாகவே இருக்கும் என்பது அவர் காட்டிய உதாரணம். மில் ஸ்காட்லாந்தின் வடமேற்குக்குப் போயிருந்தால் கைமேல் சான்று கிடைத்திருக்கும். கின்லாக்யூ என்றால் ‘யூ ஏரியின் தலைமாடு’. அந்த ஊர் இன்று நிற்பதோ மரீ ஏரியின் தலைமாட்டில். ஒரு காலத்தில் அந்த ஏரிக்கே யூ என்றுதான் பெயர். ஏரியின் பெயர் மாறிவிட்டது, ஊர் மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. யாரும் வழி தவறவில்லை. சுட்டுவதற்குப் பொருள் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏரி ஏன் மரீ ஆனது என்று கேட்டவுடனே மில்லின் கோட்பாடு போதாமல் போகிறது.

மேல்ரூபா என்ற துறவி அயர்லாந்தின் பாங்கர் மடத்திலிருந்து கடல் கடந்து வந்தவர். 673இல் மேற்குக் கரையில் மடம் ஒன்றை நிறுவி, 722இல் இறந்தார். மடம் இருந்த இடம் ஆப்பிள்கிராஸ். பார்த்தவுடன் ஆப்பிளும் சிலுவையும் கண்முன் வரும், ஆனால் பெயரில் இரண்டுமே இல்லை. அது ‘அபெர்க்ராசன்’, கிராசன் ஓடையின் வாய் என்று பொருள். துறவி வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பிக்டுகள் வைத்த பெயர் அது. ஆங்கிலக் காது தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களை அதில் கேட்டுக்கொண்டது. கேலிக் பேசுவோர் அந்த ஊரை அழைப்பது வேறு விதமாக: ‘அ கோம்ரிச்’, அதாவது அடைக்கலம். தப்பி வந்தவரைத் துரத்தி வந்தவர் தொட முடியாத மட எல்லை. மதவாடை அடிக்கும் பெயரில் மதம் இல்லை, மதம் இருக்கும் பெயர் வரைபடத்தில் பெரிய எழுத்தில் இல்லை.

மேல்ரூபாவின் பெயர் தேய்ந்து மௌரீ ஆனது, பிறகு மரீ. ஏரிக்கு நடுவே உள்ள தீவில் ஒரு கிணறும் ஒரு மரமும் இருந்தன. மனம் பேதலித்தவர்களைப் படகில் கொண்டுபோய், கிணற்று நீர் குடிக்கச் செய்து, ஏரியில் முக்கி எடுத்துக் குணம் வேண்டினார்கள். மரத்தில் காணிக்கை நாணயங்களை அடித்துப் பதித்தார்கள். இதோடு நிற்கவில்லை. 1656இல் டிங்வால் பிரெஸ்பிட்டேரியன் சபை மன்றம் இந்தப் பகுதியை விசாரித்தபோது, ஆகஸ்ட் 25ஆம் தேதியில் மௌரீ பெயரால் காளைகளைப் பலியிடும் வழக்கமும், மலைகளின் மேல் பால் ஊற்றிப் படைக்கும் வழக்கமும் தெரியவந்தன. மன்றம் கண்டித்தது. 1678இல் நோயாளி ஒருவருக்குச் சுகம் வேண்டி அதே தீவில் மறுபடியும் ஒரு காளை பலியானதும், மன்றம் மறுபடியும் ஆட்களை அழைத்து விசாரித்ததும் ஏட்டில் இருக்கிறது. 1772இல் அங்கு வந்த பயணி தாமஸ் பென்னன்ட், ஊரார் இந்தப் புனிதரின் பெயரால்தான் சத்தியம் செய்கிறார்கள் என்று எழுதினார். வெளியூர்க்காரர்கள் பலரோ மரீ என்பது இயேசுவின் தாய் மரியாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, அயர்லாந்திலிருந்து வந்த ஒரு மடாதிபதி, அவரைச் சார்ந்தவர்களின் வாரிசுகளுக்குக் காளைப்பலி ஏற்கும் தெய்வமாகவும், மற்றவர்களுக்கு மரியாளாகவும் ஆகியிருக்கிறார். எது சரி என்று கேட்டால் சொற்பிறப்பியல் விடை தரும்: மேல்ரூபா. ஆனால் பைத்தியம் பிடித்த மகனைப் படகில் கட்டிக் கொண்டுபோன தகப்பனுக்கு அந்த விடையால் என்ன பயன்? அவர் அழைத்த மௌரீ அவருக்கு மெய். பொருள் என்பது பெயர் பிறந்த நாளோடு முடிந்துபோவதில்லை. அழைத்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் எதையோ வைத்துவிட்டுப் போகிறார்கள். பவுல் சொன்னது செபத்துக்குப் பொருந்தும். பெயருக்கு அது முழுதாகப் பொருந்தாது.

பிழைகூட இந்தக் கணக்கில் சேரும். மிகப் பெரிய சான்று அயோனா. 563இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலும்பா மடம் கட்டிய தீவு அது. கேலிக்கில் அதன் பெயர் வெறும் ‘ஈ’. மடத்தின் ஒன்பதாவது தலைவர் அடோம்னான், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் கொலும்பாவின் வரலாற்றை லத்தீனில் எழுதியபோது, இலக்கணத்துக்கு ஏற்ப ‘இயோவா’ தீவு என்றார். ரோமன் எழுத்தில் ‘யு’வும் ‘என்’னும் தலைகீழ்ச் சகோதரங்கள். பின்னால் வந்தவர்கள் யு-வை என் என்று வாசித்துவிட, இயோவா அயோனா ஆயிற்று. வெறும் கைப்பிழை. ஆனால் கொலும்பா என்றால் லத்தீனில் புறா, எபிரேயத்தில் புறாவுக்கு யோனா. மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த தீர்க்கதரிசியின் பெயரும் அதுவே. தன் புனிதரின் பெயரும் யோனாவும் ஒன்று என்று அடோம்னானே முன்னுரையில் வியந்து எழுதியிருக்கிறார். அவர் தீவைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பிழை, தீவுக்கும் துறவிக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டது. இதைத் தற்செயல் என்று வரலாற்றாசிரியர் சொல்வார், அப்படித்தான் சொல்லவும் வேண்டும். அந்தத் தீவுக்கு வரும் விசுவாசிக்கு வேறு சொல் தோன்றினால் அவரிடம் வாதாட யாருக்கும் உரிமையில்லை.

எல்லாப் பிழையும் இப்படிக் கனிந்துவிடுவதில்லை. கிளாஸ்கோ நகரின் நடுவே செயின்ட் ஈனாக் என்றொரு சதுக்கமும், 1896இல் திறந்த சுரங்க ரயில் நிலையமும் இருக்கின்றன. தமிழ் விவிலியம் ஏனோக்கு என்று அழைக்கும் ஆதியாகமத்து முற்பிதாவின் பெயர் போலத் தெரிகிறது. உண்மையில் அது தெனேயு என்ற பெண்ணின் பெயர். கென்டிகெர்னின் தாய். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதைகளின்படி அவள் லோத்தியன் அரசனின் மகள். கர்ப்பமுற்றதைக் குற்றமாக்கித் தந்தையே அவளை மலையுச்சியிலிருந்து தள்ளச் செய்தான். சாகாமல் போகவே தோல் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். அலை அவளைக் கல்ரஸ் கரையில் ஒதுக்கியது, அங்கே பிள்ளை பிறந்தது. மக்கள் வாயில் ‘செயின்ட் தெனேயு’ என்பது உருண்டு திரண்டு ‘செயின்ட் ஈனாக்’ என்று பிரிந்து விழுந்தது. அத்தனை கொடுமையையும் பிழைத்து வந்தவளை, கடைசியில் ஒரு முற்பிதாவின் பெயர் மூடிவிட்டது. அயோனாவின் பிழை புனிதரைத் தீவோடு சேர்த்தது, இந்தப் பிழை ஒரு பெண்ணை அவளுடைய மகன் காவல் காக்கும் ஊரிலேயே காணாமல் ஆக்கியது. பெயரின் மூலத்தைத் தேடுவது வெறும் அறிவு விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சதுக்கமே போதிய பதில்.

மூலத்தைத் தேடுவதில் கண்டிப்பும் வேண்டும். கிர்க் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் கோயில், ஆனால் கிர்கால்டியிலும் கிர்கின்டிலாக்கிலும் கோயில் இல்லை. இரண்டும் கோட்டைகள், பழைய பிரித்தோனிய மொழியின் ‘காயர்’ என்ற சொல் அங்கே கிர்க் வேடம் போட்டிருக்கிறது. கில்லிகிராங்கியில் புனிதர் யாருமில்லை, அது நடுங்கும் இலைகள் கொண்ட ஆஸ்பென் மரக்காடு. ஆசைப்பட்ட இடத்திலெல்லாம் புனிதரைக் கண்டுபிடிப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மாறாக, எதிர்பாராத இடத்தில் புனிதம் தானே எட்டிப்பார்க்கிறது. அபர்தீன் நகரில் கடல் சேரும் டீ ஆற்றின் பெயருக்கு வேர் ‘தேவா’. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் அந்தப் பகுதி நகர் ஒன்றை ‘தேவானா’ என்று குறித்திருக்கிறார். இரண்டிலும் இருப்பது பெண் தெய்வத்தின் சொல். இதைவிட வியப்பானது அடோம்னான் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. லாக்காபர் பகுதியில் ஓர் ஏழைக்குக் கொலும்பா ஒரு முளைக்கழியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். அதை நட்ட ஆற்றில் மிகப் பெரிய மீன் ஒன்று மாட்டியது. அந்த ஆற்றின் பெயரை லத்தீனில் ‘கறுப்புத் தேவி’ என்று சொல்லலாம் என்கிறார் அடோம்னான். இன்றைய லாக்கி ஆறு அது என்று வாட்சன் அடையாளம் கண்டார். பெயரை மறைக்கலாம், மாற்றலாம், பேய் என்று ஏசலாம். மடாதிபதி எதையும் செய்யவில்லை. பொருளைச் சரியாக மொழிபெயர்த்து வைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

பிக்டுகளுக்கு இந்த மாதிரி ஓர் எழுத்தாளர்கூட வாய்க்கவில்லை. செதுக்கிய கற்களை விட்டுப்போனார்கள், புத்தகம் எதையும் விடவில்லை. அவர்கள் மொழியில் இன்று மிஞ்சியதில் பெரும்பகுதி ஊர்ப்பெயர்தான். 731இல் தன் திருச்சபை வரலாற்றை முடித்த பீட், ரோமானியச் சுவரின் முனையில் உள்ள ஓரிடத்தைப் பிக்டுகள் பியன்ஃபாஹெல் என்றும் ஆங்கிலேயர் பென்னெல்டுன் என்றும் அழைப்பதாகக் குறித்தார். அதுவே கேலிக் வாயில் மாறி இன்று கின்னீல். ஒரே சுவர் முனைக்கு மூன்று மொழிகள். நிலத்தின் பங்கு என்று பொருள்படும் ‘பிட்’ முன்னொட்டு சுமார் 300 ஊர்களில் இருக்கிறது. பிட்டன்வீம் அவற்றில் ஒன்று, ‘குகைகளின் பங்கு’. அந்தக் குகையில் புனித ஃபில்லன் இருட்டில் எழுதியபோது அவருடைய இடக்கை விளக்காக ஒளிர்ந்தது என்பது ஐதிகம்.

டைசார்ட்டைப் பற்றி நின்று யோசிக்க வேண்டும். ஃபைஃப் கடற்கரையில், மழையும் பனிமூட்டமும் விடாத ஊர். பெயரின் பொருள் பாலைவனம். எகிப்திய மணல்வெளிக்குப் போய்த் தனித்திருந்த ஆதித் துறவிகளின் வாழ்க்கையைக் கேள்விப்பட்டு, அதே தனிமையைத் தேடிய கெல்டிக் துறவிகள், தாங்கள் ஒதுங்கிய இடத்தை லத்தீன் ‘தெசெர்த்தும்’ என்ற சொல்லால் அழைத்தார்கள். டைசார்ட்டில் புனித செர்ஃப் தங்கிய குகை இன்னும் இருக்கிறது. சாத்தான் அங்கே வந்து அவரோடு வாதம் செய்து தோற்றான் என்று கதை. பாலைவனம் என்பது தட்பவெப்பநிலை இல்லை, மனம் ஒதுங்கும் ஒரு நிலை என்று புரிந்துகொண்ட மனிதர்கள் அந்தக் கரையில் வாழ்ந்தார்கள். அதற்கு மிச்சமிருக்கும் கையெழுத்து அந்தப் பெயர்.

கையெழுத்து மட்டுமே மிஞ்சிய இடங்களும் உண்டு. அன்னட் என்ற பெயர் ஸ்காட்லாந்து முழுவதும் சிதறிக்கிடக்கிறது, பெரும்பாலும் ஆளரவமற்ற ஓடையோரங்களில். பழைய தாய்க்கோயில் என்று பொருள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஒரு கல்கூட இருக்காது. கோயில் வேறிடம் போன பிறகும், முன்பு இங்கே இருந்தது என்று யாரோ ஒரு தலைமுறை சொல்லி வைத்திருக்கிறது.

இந்தப் பெயர்களில் சில கடல் கடந்து தமிழர் நாவிலும் ஏறியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிடப் போன துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மிகுதி. தங்கள் ஊர்ப்பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள். டிக்கோயாவில் டன்கெல்ட், பொகவந்தலாவையில் கிர்க்காஸ்வால்ட், தலவாக்கலையில் ஹோலிரூட். கிர்க்காஸ்வால்ட் என்றால் 642இல் போரில் மடிந்த நார்தம்பிரியா அரசர் புனித ஆஸ்வால்டின் கோயில். ஹோலிரூட் என்றால் திருச்சிலுவை, 1128இல் முதலாம் டேவிட் மன்னர் எடின்பரோவில் நிறுவிய மடத்தின் பெயர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, மாசியில் காமன் கூத்தும் திருவிழாவில் மாரியம்மன் தேரும் பார்த்து வளர்ந்தவர்கள், தங்கள் பிறப்புப் பத்திரத்தில் ஒரு நார்தம்பிரியப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர் ஆதிக்கத்தோடு வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான்கைந்து தலைமுறை அங்கே பிறந்து, உழைத்து, இறந்தவர்களை அங்கேயே அடக்கம் செய்த பிறகு, ஹோலிரூட் என்ற சொல்லில் தலவாக்கலைக்காரர்கள் வைத்த பொருளும் எடின்பரோ மடத்தின் பொருளுக்குச் சற்றும் குறைந்ததாகாது.

அதோடு, அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. தோட்டங்களுக்குத் தங்கள் வாய்க்கு ஏற்ற தமிழ்ப்பெயர்களை வைத்தார்கள். துரைமார் புரட்டிய கையேடுகளிலேயே ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயரும் அச்சாகும் அளவுக்கு அவை ஊன்றியிருந்தன. ஸ்காட்லாந்திலோ, மேட்டுநிலங்களை அளந்து வரைபடமாக்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே அதிகாரிகள், ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டை உறுதிசெய்ய நிலவுடைமையாளரையும் போதகரையும் பள்ளி ஆசிரியரையும் நாடினார்கள். ஆடு மேய்த்தவரின் உச்சரிப்பு பல நேரம் ஏட்டில் ஏறவில்லை. வாட்சன் கேலிக் பேசும் வீட்டில் பிறந்தவர் என்பதாலும், முதியவர்கள் சொன்ன ஒலியைக் காதால் கேட்டு வைத்திருந்தார் என்பதாலும்தான் எழுத்தில் சிதைந்த பல பெயர்களை அவரால் நிமிர்த்த முடிந்தது. மலையகத்தில் அப்படிச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாறையில் எந்தச் சாமி, எந்த மலைக்கு எந்தக் கங்காணியின் பெயர், எந்த ஓடையை எதற்காக அப்படி அழைத்தார்கள் என்பதை அவர்களுடைய உச்சரிப்போடு எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைக்கும் வேலையை, அந்தந்தத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளே இந்த ஆண்டே தொடங்கலாம்.